பக்கிங்காம் கால்வாயில் நாலு நாள் மழை

படகுச் சவாரி என்றால் நம் ஜனங்களுக்கு ஆலப்புழைதான். செங்கல்பட்டில் ராத்திரி ரயிலைப் பிடித்து, அங்கே போய் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, கெட்டுவள்ளத்தில் படுத்துக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் என்னிடம் போட்டோ காட்டுகிறார்கள். "இந்த மாதிரி தண்ணி நம்ம பக்கம் எங்க சார் இருக்கு?" என்று ஒரு பெருமூச்சு வேறு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் பஸ்ஸில் போகும்போது அதன் மேலேயேதான் போகிறீர்கள் என்பேன். முட்டுக்காட்டுப் பாலத்தில் ஜன்னல் வழியாகத் தெரிவது என்ன? முதலியார்குப்பத்தில் சாலைக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடப்பது என்ன? "அதுவா? அது கால்வாய் ஆச்சே, சாக்கடை இல்லையா?" என்று கேட்பார்கள். சென்னைக்குள் அது சாக்கடைதான், மறுக்கவில்லை. ஆனால் முட்டுக்காட்டைத் தாண்டித் தெற்கே மரக்காணம் வரைக்கும் அது வேறு தண்ணீர். அதில் மழைக்காலத்தில் தோணியில் நாலு நாள் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கால்வாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1806ல் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது. முக்கியமாக உப்புக்காக. பிறகு வடக்கே ஆந்திரா வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீட்டினார்கள். 1877-78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். கஞ்சிக்கும் கூலிக்கும் மண் சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878ல் வைக்கப்பட்டு நின்றுவிட்டது. நம் மாநிலத்துக்குள் மட்டும் 163 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் சவுக்குக் கட்டையும் தோணியில் போய்க்கொண்டிருந்தன. லாரி வந்தது, 1965, 66 புயல்கள் வந்தன, கரைகள் சரிந்தன, போக்குவரத்து அடங்கியது.

நாங்கள் போனது 1978, தீபாவளி முடிந்த மறுநாள். நாலு பேர்: தாலுகா ஆபீஸ் நண்பர் ஒருவர், தபால் இலாகாக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நான். எல்லோருக்கும் இருபத்தைந்து, முப்பது வயது. லீவு லெட்டரில் நான் 'சொந்த அலுவல்' என்று எழுதினேன், அது உண்மைதானே. மரக்காணத்தில் பழைய உப்புத் தோணிக்காரர் ஒருவரைப் பிடித்தோம். அவரும் அவர் மருமகனும் வந்தார்கள். சின்னத் தோணி, இரண்டு மூங்கில் கழி, ஒரு கயிறு, ஒரு தார்ப்பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்த்தூள். மழைக்கோட்டு தபால்காரரிடம் மட்டும். அதையும் அரிசி மூட்டைக்குப் போர்த்திவிட்டோம்.

முதல் நாள் இடையன்திட்டுக் கழிமுகத்தைக் கடந்து ஆலம்பரைக் கோட்டை. மழை நின்று நின்று பெய்தது. வடகிழக்கிலிருந்து எதிர்க்காற்று. கழி போட்டுத் தள்ளினால் தோணி நகராது. அப்போது மருமகன் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பான். அந்தக் காலத்தில் கால்வாய் முழுக்க இப்படித்தான், தோணி இழுப்பதே ஒரு பிழைப்பு என்றார் பெரியவர். நாங்களும் முறை வைத்து இழுத்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் தாலுகா ஆபீஸ் தோள் சிவந்துவிட்டது.

ஆலம்பரை எனக்குத் தெரிந்த பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1750ல் அந்தக் கோட்டை துய்ப்ளேக்ஸ் கைக்கு வந்தது, 1760ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள் என்பதெல்லாம் பாடம். கோட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு தண்ணீர் கிடக்கிறது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. இடிந்த சுவரோரம் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே ஆறு பேர். தாழம்புதர் மேல் மழை விழும் சத்தமும், அதற்கு அப்பால் கடல் சத்தமும். ராத்திரி மடவை மீன் குழம்பு. அந்த மீன் மாலையில் எங்கள் தோணிக்குள் தானாகவே துள்ளி விழுந்தது. மடவைக்கு அந்தப் பழக்கம் உண்டு. வாத்தியார் சைவம். அவருக்குத் தயிர் இல்லாத தயிர்ச்சாதம், அதாவது வெறும் சாதம்.

இரண்டாம் நாள் ஓடியூர்க் கழி. கரை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாத சாம்பல் நிறம். உமரிச் செடி மட்டும் மேடு எது என்று காட்டும். கூழைக்கடா கூட்டம் மழையை லட்சியமே செய்யாமல் மிதந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில், பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுத்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை. "மழ வுழுந்தா எறா கெளம்பும் சார், இவங்களுக்கு இப்பத்தான் தீவாளி" என்றார் பெரியவர்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்குக் காரணம் நாலாம் நாள் காலை. மூன்றாம் ராத்திரி பாலாற்றுக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் படுத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு ஆற்றின் வாய்க்குப் போனால், வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் பாலாறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மரக்கிளை, வாழை, ஒரு கூரைத் துண்டு. எங்களுக்கு அக்கரை போய்ச் சதுரங்கப்பட்டினத்தில் பஸ் பிடிக்க வேண்டும், மறுநாள் ஆபீஸ். பெரியவர் கழியைக் கரையில் குத்தித் தோணியைக் கட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். "ஏத்தம் வரட்டும் சார்."

ஏற்றம் வந்தால் தண்ணீர் இன்னும் அதிகமாகுமே என்று தாலுகா ஆபீஸ் கேட்டார். அதிகமாகும், ஆனால் நிற்கும் என்றார் பெரியவர். எங்களுக்குப் புரியவில்லை. பத்து மணி வாக்கில் புரிந்தது. கடல் உள்ளே ஏறி வர வர, ஆற்றின் வேகம் தணிந்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் இரண்டு பக்கமும் கால்வாய்க்குள் புகுந்தது, கோரைக்குள் புகுந்தது, நாங்கள் காலையில் உட்கார்ந்திருந்த சேற்றுத் திடலை மூடியது. பதினொரு மணிக்கு ஆறு ஏரி மாதிரி அசையாமல் நின்றது. அந்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு கழியும் போட்டு எங்களைக் கடத்தினார். அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் வற்றம் ஆரம்பித்து, புகுந்த தண்ணீரெல்லாம் திரும்ப வந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ட்ரெஷரியில் வேலை பார்த்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். ஒரு தொகை வந்துவிட்டது, எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியவில்லை, அல்லது வைக்க வேண்டிய இடம் இப்போது வாங்கிக்கொள்ளவில்லை. அதைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் நிறுத்தி வைத்து, பிறகு நேர் செய்வோம். கழிமுகமும் சதுப்பும் அதுதான். வெள்ளம் வரும் நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்தால் வாங்கிக்கொள்ளாது. அந்த ஆறு மணி நேரம் தண்ணீரை எங்கேயாவது நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கை மூடிவிட்டால் பணம் எங்கே போகும்? வேறு யாருடைய கணக்கிலாவது ஏறும். தண்ணீரானால் வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் எத்தனையோ வீடுகளுக்குள் அப்படித்தான் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துச் சிறுசேரி, தையூர் ஏரிகளின் உபரி நீரெல்லாம் பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக்கு வந்துதான் கடல் சேர வேண்டும். வேறு வாசல் கிடையாது.

நம் வருவாய்க் கணக்கில் இதற்குச் சரியான தலைப்பு இல்லை என்பது என் நீண்ட நாள் குறை. நிலம் என்றால் நஞ்சை, புஞ்சை, மானாவாரி. தண்ணீர் என்றால் ஏரி, குளம், வாய்க்கால். ஐப்பசியில் தண்ணீராகவும் சித்திரையில் தரையாகவும் இருப்பதை என்னவென்று எழுதுவது? புறம்போக்கு, தரிசு, களர் என்று எழுதி வைத்தார்கள். தரிசு என்று ஒரு முறை எழுதிவிட்டால் அது யாருக்காவது கொடுப்பதற்குத் தயாராக இருக்கும் நிலம் என்று அர்த்தம். இத்தனைக்கும் ஜனங்களிடம் 'கழுவெளி' என்று அழகான சொல் இருந்தது. பள்ளிக்கரணையில் கட்டடம் எழும்பிய பிறகு சதுப்பு நிலம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தோம். 2022ல் பள்ளிக்கரணையும், நம் ஜில்லாவின் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 2024ல் மரக்காணம் பக்கத்துக் கழுவெளியும் சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் ஜனங்கள் மனதில் இருப்பதற்கும் தூரம் உண்டு. நம் ஜில்லாவின் பெயரே 1997ல் போய் 2019ல் திரும்பி வந்தது. நடுவில் நாங்கள் யாரும் செங்கல்பட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டதா என்ன?

ஜனங்கள் மனதில் இருக்க வேண்டுமானால் ஜனங்கள் அதில் போக வேண்டும். என் கருத்து மொத்தமும் அதுதான். இதற்கு எனக்குக் கிடைத்த உதாரணம் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. பிரான்சில் அச்சான பூகோளப் புத்தகத்தில் 'கனால் து மிதி' என்ற கால்வாயை வரைபடத்தோடு படித்தோம். தூலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீட்டர். 1666ல் ஆரம்பித்து 1681ல் முடித்தது. வெட்டியவர் ரிக்கே என்பவர் இன்ஜினியர் இல்லை, உப்பு வரி வசூல் குத்தகைதாரர். ஒரு வகையில் நம் இலாகா ஆள். வேலை முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு செத்துப்போனார். புதுச்சேரிப் பையன்கள் நாங்கள் அந்தக் கால்வாயின் மதகுகளை வரிசையாகச் சொல்வோம். வடக்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் மரக்காணத்தில் இன்னொரு உப்புக் கால்வாய் இருப்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அந்தக் கால்வாய்க்கும் நம் கால்வாய்க்கு நேர்ந்ததுதான் நேர்ந்தது. ரயில் வந்தது, லாரி வந்தது, சரக்குப் படகு நின்றுபோயிற்று. ஆனால் சரக்கு போன இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். சின்னப் படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு, நண்பர்களோடு, ராத்திரி கரையில் கட்டிவிட்டுத் தூங்கி, மெதுவாகப் போகிறார்கள். 1996ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நாம் என்ன செய்தோம்? சென்னைக்குள் நம் கால்வாயின் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். பிறகு 2008ல் அதையே தேசிய நீர்வழி எண் 4ல் சேர்த்து அறிவித்தோம். தூணையும் நட்டு, நீர்வழி என்று போர்டும் வைக்கும் தைரியம் வேறு யாருக்கு வரும்?

சதுப்புக்கும் அங்கே ஒரு கதை இருக்கிறது. பிரான்சின் மேற்குக் கரையில் 'மரே புவாத்வேன்' என்று பெரிய சதுப்பு நிலம். தட்டையான தோணியில், நம் பெரியவர் மாதிரியே கழி போட்டு, ஆட்களைக் கூட்டிப் போவார்கள். 1979ல் அதைப் பிராந்திய இயற்கைப் பூங்கா என்று அங்கீகரித்தார்கள். பிறகு சோளம் போடுவதற்காகத் தண்ணீரை வடித்து வடித்து நிலமாக்கினார்கள். 1990களில் அந்த அங்கீகாரத்தையே பறித்துவிட்டார்கள். திரும்பப் பெற 2014 ஆயிற்று. பட்டத்தைக் கொடுத்துவிட்டு, தகுதி இல்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் கிடையாது. வந்தால் நல்லது.

தமிழில் யாரும் இப்படிப் போனதில்லை என்று நினைக்காதீர்கள். பாரதிதாசன் தன் நண்பர்களோடு இதே கால்வாயில் சென்னையிலிருந்து தோணி ஏறி மாமல்லபுரம் போய், அந்தப் பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகவே எழுதிவைத்தார். அவரும் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் தமிழ் வாத்தியார். கணக்குப் பிரிவில் இருந்த எனக்குத் தலைப்பைப் பார்த்தவுடன் ஏதோ பயணப்படி பில் என்று தோன்றியது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம் என்று வாத்தியார் நண்பர்தான் விளக்கினார். அவர்கள் காலத்தில் மாமல்லபுரத்துக்கு அதுதான் வழி. இன்றைக்கு அந்தக் கவிதையைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைக்கு, தோணி எந்தத் தண்ணீரில் போயிற்று என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் சுற்றுலாத் துறையின் படகுத் துறை இருக்கிறதே என்பீர்கள். முதலியார்குப்பத்தில் இருப்பதற்கு மழைத்துளி என்று பெயர் வைத்தவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அரை மணி நேரம் மோட்டாரில் ஒரு வட்டம் அடித்து, எங்கே ஏறினோமோ அங்கேயே இறங்குவது பயணம் இல்லை. ராட்டினம். எனக்கு வேண்டியது ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்குவது. மரக்காணத்தில் ஏறிக் கடப்பாக்கத்தில் ஒரு ராத்திரி, முதலியார்குப்பத்தில் ஒரு ராத்திரி. மோட்டார் கூடாது, கழியும் துடுப்பும் போதும். படகு அந்தந்தக் குப்பத்து மீனவர்களுடையதாக, வழிகாட்டுவது இருளர்களாக இருக்கட்டும். தங்குவதற்கு ரிசார்ட் வேண்டாம். ஒரு மேடான திடல், குடிதண்ணீர்க் குழாய், கக்கூஸ், இடி இடித்தால் ஓடி ஒதுங்க ஒரு கான்கிரீட் கொட்டகை. இதற்கு ஆகும் செலவு, இரண்டாவது அர்த்தத்தில், ஒரு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு ஆகுமா என்பது சந்தேகம்.

இந்த நேரத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. 2025 பட்ஜெட்டில் திருப்போரூர் பக்கம், கோவளம் உபவடிநிலத்தில், சென்னைக்குக் குடிநீர் தர 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம் அறிவித்தார்கள். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும். 2019ல் குடத்தோடு நின்றவர்களைப் பார்த்தவன் நான். அணை என்றாலே எதிர்க்கிற ஆளும் இல்லை. ஆனால் இரண்டு கேள்வி. அந்தக் கழியில் உப்பும் நன்னீரும் கலந்து ஏறி இறங்குவதால்தான் இறால் இருக்கிறது. நன்னீரை மட்டும் கட்டி வைத்தால் பறியைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்கள் எங்கே கை வைப்பார்கள்? அவர்களுக்குப் பட்டாவும் கிடையாது, மீன்பிடி உரிமைச் சீட்டும் கிடையாது, நஷ்ட ஈட்டுப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருவார்கள்? இரண்டாவது, என்னுடைய சஸ்பென்ஸ் அக்கவுண்ட். குடிநீருக்கான தேக்கத்தை ஐப்பசியிலேயே நிரப்பத்தான் பார்ப்பார்கள். நிரம்பிய பாத்திரத்தில் கார்த்திகை வெள்ளத்தை எங்கே நிறுத்துவது? இன்ஜினியர்களிடம் பதில் இருக்கலாம். அந்தப் பதிலைக் கரையில் வந்து, மழையில் நின்று, ஊர்க்காரர்கள் முன்னால் சொல்லட்டும். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய எனக்குத் தெரியும்.

என் மருமகள் இதைப் படித்துவிட்டு, "மாமா, மழையில சதுப்புல படுக்கறதா? பாம்பு, கொசு, இடி?" என்றாள். நியாயமான கேள்வி. பாம்பு பார்த்தோம், தண்ணீர்ப் பாம்பு, எங்களைவிட அவசரமாகப் போயிற்று. கொசு இருந்தது. காற்று இருக்கும் இடத்தில் குறைவு, சவுக்குத் தோப்புக்குள் ரொம்ப அதிகம். இடி மின்னலில் தண்ணீரில் இருக்கக் கூடாது. பெரியவர் வானம் கறுத்ததும் கேட்காமலே கரை ஒதுக்கினார். இன்றைக்குப் புயல் எச்சரிக்கை கைபேசியிலேயே வருகிறது, லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட் நாட்களில் போகவே கூடாது, அதில் விவாதமே வேண்டாம். பாலாற்றைத் தோணியில் கடப்பதையும் இன்றைக்கு யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 2021 நவம்பரில் அதே ஆற்றில் லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று.

நாலு பேரில் இப்போது இருப்பது இரண்டு பேர். வாத்தியாருக்கு முழங்கால், எனக்கு சர்க்கரை. நாங்கள் போகப் போவதில்லை. போக நினைக்கிற இளைஞர்களுக்கு, அரசாங்கம் ஏற்பாடு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே மீனவர்கள் கழிமுகத்தில் படகில் கூட்டிப் போவார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். சேற்றில் செருப்பு நிற்காது, வெறுங்காலில் போனால் சிப்பி கிழிக்கும். பழைய கான்வாஸ் ஷூ நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், அப்போது ஏற்றம் இருக்கும். மத்தியானம் போனால் வற்றம், பாதி தூரம் நீங்கள்தான் படகைத் தள்ள வேண்டியிருக்கும்.